சுருளியம்மாளின் இடப்பக்கம்

போடிக்கு மேற்கே, மலை இறங்கி வந்து தெருவைத் தொடுகிற இடத்தில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கி இருந்தது. அதில் நாற்பத்தொரு பெண்கள் நீளமான பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து காய் பொறுக்கினார்கள். காலை எட்டு மணிக்குக் குனிந்த தலை ஒரு மணிக்குச் சோற்றுக்கு நிமிரும், திரும்பக் குனிந்தால் ஆறு மணிக்குத்தான் நிமிரும். இப்படிக் குனிந்தபடியே அவர்களில் பாதிப் பேர் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். பச்சைக் காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம், சூம்பியது கீழே கிடக்கிற கூடையில். கேட்கச் சின்ன வேலைதான், உட்கார்ந்து பாருங்கள் தெரியும். ஒரு தட்டில் ரெண்டாயிரம் காய் கிடக்கும், ரெண்டாயிரமும் பச்சை, அதில் நல்ல பச்சை எது நாளைக்கு வெளுக்கப்போகிற பச்சை எது என்று பார்க்க வேண்டுமானால் உலகத்தில் வேறு எதையும் பார்க்கக்கூடாது. முதலாளியின் அப்பா காலத்திலேயே சுவரில் சிவப்பு மையால் எழுதி வைத்திருந்தார்கள்: கண்ணைத் தூக்கினால் காய் தப்பும்.

அதனால் அந்தப் பெண்கள் ஒவ்வொன்றாகத் தள்ளி வைக்கப் பழகினார்கள். முதலில் ஏலக்காய் வாசனையைத் தள்ளினார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரன் மூக்கை விரித்து ஆஹா என்பான், இவர்கள் எதைச் சொல்கிறான் இவன் என்று பார்ப்பார்கள். பிறகு கழுத்து வலியைத் தள்ளினார்கள், தகரக் கூரையில் அடிக்கிற மழையைத் தள்ளினார்கள், முட்டிக்கொண்டு நிற்கிற மூத்திரத்தைத் தள்ளினார்கள், சூப்பர்வைசர் தவமணியின் வசவைத் தள்ளினார்கள், கேட்டுக்கு வெளியே வந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற புருஷன்மாரைத் தள்ளினார்கள். தள்ளியதெல்லாம் எங்கே போய் நிற்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க நேரம் ஏது.

அந்த வருஷம் ஐப்பசி மழை பதினாறு நாள் விடாமல் பெய்து பதினேழாம் நாள் வெயில் அடித்தது. அன்றைக்குக் காலையில் தவமணி வந்து பேச்சியம்மாளைப் பார்த்துக் கத்தினான். பேச்சியம்மாள் நிமிரவில்லை. பக்கத்தில் போய்க் கத்தினான், காதுக்குள் கத்தினான். அவள் ஈயை விரட்டுகிற மாதிரிகூடக் கையை ஆட்டவில்லை. சோற்று நேரத்தில் நிமிர்ந்து, "இன்னைக்குத் தவமணி லீவா? நிம்மதியா இருக்கு" என்றாள், அவன் அவள் எதிரில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருக்கும்போதே. நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் தட்டெல்லாம் குலுங்கியது. அடுத்த நாள் அவர்களில் பாதிப் பேர் சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள், எனக்கும் தவமணி தெரியாமல் போகட்டும் என்று.

சாமி கேட்டது, ஆனால் கேட்டதைக் கொடுக்கவில்லை. யார் யார் எதை எதை அதிகமாகத் தள்ளினார்களோ அது அது அவரவர்க்கு இல்லாமல் போனது. ஒருத்திக்கு மணி ஓசை போனது. ஒருத்திக்கு மழை போனது, நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்து, எந்தச் சிறுக்கி என் மேல தண்ணி ஊத்துனா என்று தெருவோடு சண்டை போட்டாள். முத்துராக்குக்குப் புருஷன் போனான். சனிக்கிழமை தவறாமல் குடித்துவிட்டுக் கேட்டில் வந்து கத்துகிறவன் அவன். இப்போது அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே அவள் கதவைப் பூட்டிக்கொண்டு போனாள், ஒரு ஆள் சோறுதான் பொங்கினாள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஆளைக் காணோம் என்று எழுதிக் கொடுத்தாள், கொடுக்கும்போது அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இந்தா இருக்கேன் இந்தா இருக்கேன் என்று அழுதான். பயத்தில் குடியை விட்டுவிட்டான். தலை சீவி, சட்டை போட்டு, அவள் முன்னால் போய் நின்றான். அப்போதும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஊர் சிரிப்பதை நிறுத்தியது.

சிரிப்பை நிறுத்திய ஊர் அதற்கு ஒரு பேர் வைத்தது, ஒதுக்கம் என்று. அம்மை வந்த வீடு மாதிரி ஒதுக்கம் வந்த வீடு என்று சொல்லிக்கொண்டார்கள். மாமியார் இருக்கிற வீட்டில் கதவில் சுண்ணாம்பால், உள்ளே ஆள் உண்டு, பூட்டாதே என்று எழுதினார்கள். பஸ் கண்டக்டர்கள், யாருக்கும்மா என்ன தெரியாது என்று கேட்டுவிட்டு டிக்கெட் கிழித்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைப் பற்றிக் கேட்கிறதுக்கு முன்னால் பெண்ணுக்கு ஒதுக்கம் உண்டா என்று கேட்டார்கள். முதலாளி தவமணிக்குத் துணையாக இன்னொரு சூப்பர்வைசரைப் போட்டார், ஒருத்தன் கேட்காவிட்டால் இன்னொருத்தன் கேட்பான் என்று. ஏன் இப்படி என்று யாராவது கேட்டார்களா என்றால், இல்லை. வந்துவிட்டது, இதோடு இருக்கப் பழகவேண்டியதுதான்.

சுருளியம்மாளுக்கு ஒன்றும் போகவில்லை. அப்படித்தான் அவள் நினைத்தாள். ஜன்னி வந்த மாதிரி ஊரே திரிகிறபோது அவளுக்குத் தவமணியும் தெரிந்தான், மழையும் தெரிந்தது, மணியும் கேட்டது. "நமக்கென்ன, நாம யாரையும் அப்படித் தள்ளலை" என்று பக்கத்து இருக்கை ஜெயக்கொடியிடம் சொன்னாள். ஜெயக்கொடி அவளுக்குப் பக்கத்து வீடும்தான். எதற்கும் பதில் வைத்திருக்கிறவள், அன்றைக்கு மட்டும் கண்ணைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

சுருளியம்மாளுக்கு ஒரே மகள், நாகஜோதி. புருஷன் எஸ்டேட்டில் மரத்திலிருந்து விழுந்து செத்தபோது ஜோதிக்கு மூன்று வயசு. பிள்ளையை விட ஆள் இல்லை. முதலாளி பெரிய மனசு பண்ணி, பிள்ளை பலகைப் பக்கம் வராமல் இருந்தால் கூட்டி வரலாம் என்றார். சுருளியம்மாள் பலகைக்கு இடப்பக்கம், மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார வைத்தாள். பிள்ளை கூப்பிட்டது. அம்மா, அம்மா, அம்மா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிட்டது, பசித்தால் கூப்பிட்டது, பசிக்காமலும் கூப்பிட்டது, ஜன்னலில் அணில் வந்தாலும் கூப்பிட்டது. முதல் வாரம் சுருளியம்மாள் ஒவ்வொரு தடவையும் திரும்பினாள், அந்த வாரம் அவள் தட்டில் வாய் பிளந்த காய் பதினெட்டு தப்பியது, தவமணி தட்டை எல்லார் முன்னாலும் கவிழ்த்தான். அதற்கப்புறம் திரும்பவில்லை. ஜோதி ஆறு வயசில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். சாயங்காலம் வந்து அதே ஜன்னலோரம் நிற்பாள், கூப்பிட மாட்டாள், சும்மா நிற்பாள்.

அந்த ஜோதிக்குக் கம்பத்தில் மாப்பிள்ளை அமைந்து, ஐப்பசி மழைக்கு முந்தியே கல்யாணமாகிப் போய், இப்போது வயிற்றில் ஏழு மாசம். வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. சுருளியம்மாள் ஓட்டைத் தகரத்தை மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கிட்டங்கிக்கு லீவு சொல்லி, பஸ் ஸ்டாண்டில் போய்க் காலை ஒன்பது மணிக்கே நின்றுகொண்டாள். கம்பம் பஸ் வந்தது. சம்பந்தியம்மாள் இறங்கினாள். மாப்பிள்ளை பெட்டியோடு இறங்கினான். சுருளியம்மாள் படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

"எங்க எம்பிள்ளை?"

"என்ன சம்பந்தியம்மா விளையாடுறீக? முன்னாலதான நிக்கிறா."

"எங்கிட்டு?"

சம்பந்தியம்மாள் கையைக் காட்டினாள். சுருளியம்மாள் கை காட்டிய இடத்தைப் பார்த்தாள், அங்கே பஸ் ஸ்டாண்ட் தரை இருந்தது, ஒரு வெற்றிலை எச்சில் இருந்தது. கூட வந்திருந்த ஜெயக்கொடி தலையில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "யாத்தே, எனக்குத் தெரியும், எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று அழுதாள். அப்போதுதான் சுருளியம்மாள் அந்த வெறும் இடத்தைக் கையால் துழாவினாள்.

சம்பந்தியம்மாள் நல்ல மனுஷிதான். பெற்றவளுக்கே பிள்ளை தெரியாத வீட்டில் எப்படி விட்டுவிட்டுப் போவது, நான் திருப்பிக் கூட்டிப் போகிறேன் என்றாள். ஜோதி மாட்டேன் என்றாள். அதை ஜெயக்கொடிதான் எடுத்துச் சொன்னாள்: "தலைப்பிரசவம் எங்கம்மா வீட்டுலதாங்குறா. அவுக பாத்தாலும் சரி, பாக்காட்டியும் சரிங்குறா." பாக்காட்டியும் சரி என்பதை ஜோதி எப்படிச் சொன்னாள், கோபமாகவா அழுதுகொண்டா என்று சுருளியம்மாள் கேட்டாள். "சாதாரணமாத்தான் சொன்னா மதினி" என்றாள் ஜெயக்கொடி.

ஊர் சும்மா இருக்குமா. காலில் கொத்துக் கொலுசு போட்டுப் பார்த்தார்கள், போட்ட நிமிஷம் கொலுசு சுருளியம்மாளுக்கு ஊமையானது. தலை நிறைய மல்லிகை வைத்துப் பார்த்தார்கள், பூ தலையில் ஏறும்வரை தெரிந்தது, ஏறியதும் போய்விட்டது. கையில் மணியைக் கொடுத்தார்கள், மணியும் போனது. ஜோதி எதை உடுத்தினாலும் எதைத் தூக்கினாலும் அது அவளோடு போய்விடும், கீழே வைத்தால் திரும்பி வரும். சுருளியம்மாள் காப்பியை ஆற்றித் திண்டில் வைப்பாள்; டம்ளர் இருக்கும், பார்த்துக்கொண்டே இருப்பாள், இருக்காது; கொஞ்ச நேரம் கழித்து இருக்கும், காலியாக. அதைக் கழுவும்போது விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். ஜோதி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள் என்று ஜெயக்கொடி சொன்னாள், மடியில் தலை வைத்துப் படுத்தாள் என்றாள். சுருளியம்மாளுக்குத் தோளும் தெரியவில்லை, மடியும் கனக்கவில்லை.

தேனிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மூளை டாக்டர் ஒரு சின்னப் பெண், கண்ணாடி போட்டவள், படம் போட்ட அட்டைகளை மேசையில் பரப்பி, சிவப்புப் படத்தை மட்டும் பாருங்கள், பச்சையைப் பார்க்காதீர்கள் என்றாள். சுருளியம்மாள் படபடவென்று சிவப்பைச் சொன்னாள். பிறகு டாக்டர், இப்போது பச்சையைச் சொல்லுங்கள் என்றாள். சுருளியம்மாளுக்கு வாய் வரவில்லை. படம் கண் முன்னால் இருக்கிறது, பேர் வர அத்தனை நேரம் ஆனது.

"எல்லாருக்கும் இப்படித்தாம்மா, கொஞ்சம் தாமதமாகும். ஒரு வேலை பாக்கணும்னா மூளை மத்ததையெல்லாம் தள்ளணும். தள்ளினதையே பிறகு தேடச் சொன்னா, தேடுற மூளையே அதை மறுபடி தள்ளும். உங்களுக்கு இது இருபது வருசப் பழக்கம். வேலை செய்யும்போது பிள்ளை எங்க நிக்கும்?"

"இடப்பக்கம். மூணாவது ஜன்னல்ல."

"நீங்க எவ்வளவு தீவிரமாத் தேடுறீங்களோ அவ்வளவு தீவிரமாத் தள்ளுறீங்க. தேடாம இருந்து பாருங்க."

"பெத்த பிள்ளையைத் தேடாம இருக்கவா சொல்றீக, தாயி?"

டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தாள். பக்கத்து நாற்காலியில் ஜோதி உட்கார்ந்திருந்தாள், சுருளியம்மாள் காலி நாற்காலி என்று நினைத்துப் பையை அதில் வைக்கப் போனாள், ஜெயக்கொடி பாய்ந்து கையைப் பிடித்தாள். வழியெல்லாம் மூன்று பேரும் பேசவில்லை. அதாவது இரண்டு பேர் பேசவில்லை, மூன்றாவது ஆள் பேசினாளா என்று சுருளியம்மாளுக்கு எப்படித் தெரியும்.

தேடாமல் இருக்கப் பார்த்தாள். முடியுமா. கண் அதுபாட்டுக்குத் தேடும். வாசலைத் தேடும், பாயைத் தேடும், கதவிடுக்கைத் தேடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், கையாவது எதையாவது செய்யட்டும் என்று கிட்டங்கியிலிருந்து அரை மூட்டைக் காய் வாங்கி வந்து வீட்டுத் தரையில் கொட்டி, தட்டை மடியில் வைத்துப் பொறுக்க உட்கார்ந்தாள். பச்சை ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வாய் பிளந்தது ஒரு பக்கம். இருபது வருஷக் கை, தானாக ஓடியது. அரைத் தட்டு போயிருக்கும், இடப்பக்கம், கண்ணின் ஓரத்தில், ஒரு மஞ்சள் சேலையின் கரை தெரிந்தது. அதற்குக் கீழே ஒரு கால் தெரிந்தது, வீங்கிய கால், விரலில் மெட்டி.

சட்டென்று திரும்பினாள். போய்விட்டது.

ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பவும் தட்டை எடுத்தாள். பொறுக்கினாள். கால் வந்தது. இந்தத் தடவை திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காயையே பார்த்தாள். சேலை வந்தது, முழங்கால் வந்தது, மேடிட்ட வயிற்றின் கீழ்ப்பாதி வந்தது. முகம் வரவில்லை, முகம் பார்க்கிற உயரத்துக்குக் கண்ணைத் தூக்கினால் எல்லாம் போய்விடும். எங்கோ நாலு தெரு தள்ளி ரேடியோ பாடுகிற மாதிரி ஒரு குரலும் வந்தது. அம்மா என்றது.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் சுருளியம்மாள் வீட்டில் ஏலக்காய் மலை மலையாகக் குவிந்தது. முதலாளி மூட்டை மூட்டையாக அனுப்பி வைத்தார், பெரிய மனசு என்று ஊர் சொன்னது, நாலு பேர் வேலையை ஒருத்தி பார்த்தால் யாருக்குத்தான் மனசு பெரிசாகாது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்வரை பொறுக்குவாள். ஜோதி இடப்பக்கம் காலை நீட்டி உட்காருவாள். பார்க்காமல் பார்த்துக்கொண்டு, கேட்காமல் கேட்டுக்கொண்டு, அம்மாவும் மகளும் பேசினார்கள். இருபது வருஷத்தில் அவர்கள் இத்தனை பேசியதில்லை.

"அம்மா, நான் ஜன்னல்ல நின்னு கூப்பிடும்போது உனக்குக் கேக்குமா, கேக்காதா?"

சுருளியம்மாள் ஒரு வெளுத்த காயை எடுத்து அந்தப் பக்கம் போட்டாள்.

"மொதல்ல கேட்டுச்சுத்தா."

"பிறகு?"

"பிறகு கேக்கலை. உம்மேல ஆணை, கேக்காத மாதிரி இருக்கலை, நெசமாவே கேக்கலை."

ஜோதி நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். "கேட்டும் திரும்பலைன்னு நெனச்சுட்டேன்" என்றாள். சுருளியம்மாளுக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. எழுந்தால் கட்டிக்கொள்ள ஆள் இருக்காது. காயைப் பொறுக்கினாள்.

இப்போது சொல்லப்போவதை ஜெயக்கொடி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தாள், ஆனால் ஊருக்கே தெரியும். டாக்டர் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் முந்தி, மதியம் மூன்று மணிக்கு ஜோதிக்கு வலி கண்டது. சுருளியம்மாள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல சரக்கு அது, கண்ணை ஏமாற்றுகிற பச்சை, மனசு முழுக்கத் தட்டுக்குள் போயிருந்தது. இடப்பக்கம் அந்த மஞ்சள் சேலை எழுந்தது, சுவரைப் பிடித்தது, அம்மா என்றது. அம்மா, வலிக்குதும்மா என்றது. சுருளியம்மாளுக்குக் கேட்டது. கேட்கத்தான் செய்தது. ஆனால் கேட்ட சத்தம் உள்ளே போய்ச் சேருவதற்கு முன்னால், இருபது வருஷமாக அங்கே நிற்கிற ஏதோ ஒன்று அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டது, அவள் வாய் அவளைக் கேட்காமல் சொன்னது:

"இருத்தா, இந்தத் தட்டு முடியட்டும்."

தட்டு முடிந்தது. உதறிக் கீழே வைத்தாள். இடுப்பை நிமிர்த்தினாள். இடப்பக்கம் தரையில் ஈரம் பரவியிருந்தது, ஈரத்தின் மேல் கால் தடம் வாசல்வரை போயிருந்தது. ஜோதி விட்டுவிட்டுப் போனது எல்லாம் அவளுக்குத் தெரியும் அல்லவா, அதனால் தடமும் தெரிந்தது. சுருளியம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே ஓடி வந்தது. ஜோதி தனியாகச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஜெயக்கொடி வீட்டுக்குப் போய், அன்றைக்கு லீவில் இருந்த ஜெயக்கொடி ஆட்டோவில் ஏற்றி, ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது.

பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் நலம். சுருளியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். "கேட்டுச்சு ஜெயக்கொடி, எனக்குக் கேட்டுச்சு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி அவளைத் திட்ட நினைத்து வைத்திருந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, உள்ளே போனாள், வெளியே வந்தாள்.

"என்ன சொல்றா?"

"ஒண்ணும் சொல்லலை மதினி."

"ஏதாவது சொல்லியிருப்பா."

"அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா."

மூட்டைகளைக் கிட்டங்கிக்குத் திருப்பி அனுப்பினாள். தட்டை முற்றத்தில் போட்டு மிதித்தாள். இனி காய் தொட மாட்டேன் என்றாள், தொடவில்லை. தொடாததால் மஞ்சள் சேலையும் போனது, காலும் போனது, நாலு தெரு தள்ளிக் கேட்ட ரேடியோவும் நின்றது. தொட்டாலும் பாவம், தொடாவிட்டாலும் பாவம். அந்தப் பொம்பளை என்னதான் செய்வாள், நீங்களே சொல்லுங்கள்.

பேத்தி மட்டும் தெரிந்தாள். தொட்டிலில் கிடந்தால் தெரிவாள், பாயில் கிடந்தால் தெரிவாள், ஜோதி தூக்கினால் போய்விடுவாள். பிள்ளை அழும், அழுகை பாதியில் அறுந்துபோகும். ஜோதி தூக்கிக்கொண்டாள் என்று சுருளியம்மாள் தெரிந்துகொள்வாள். கொஞ்ச நேரத்தில் பாயில் திரும்ப வரும், வாயோரம் பாலோடு. அது வருகிறவரை சுருளியம்மாள் அசைய மாட்டாள். பிள்ளை கண் முன்னால் இருக்கும்போது வேறு எந்தக் காரியமும் செய்ய மாட்டாள், சோறு குழைந்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி. ஒரு காரியத்தில் கண் போனால் இதுவும் ஓரத்துக்குப் போய்விடுமோ என்ற பயம். மூன்று மாசம் அந்த வீட்டில் சமைத்தது ஜெயக்கொடிதான். ஜோதி பிள்ளையைக் கீழே வைப்பாள், இவள் எடுப்பாள். இவள் கீழே வைப்பாள், ஜோதி எடுப்பாள். கைக்குக் கை கொடுத்துக்கொண்டதே இல்லை. ஜெயக்கொடி வழியாக வந்து போன பேச்சும் காப்பி வேணுமா, துணி காய்ந்ததா என்ற அளவில் நின்றது.

மூன்றாம் மாசம் ஒரு புதன்கிழமை மாப்பிள்ளை வாசலில் ஆட்டோவோடு வந்தான். பச்சைப் பிள்ளையோடு தாய்வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்களிடம் ஒரு முறை உண்டு: நிலைப்படியில் வைத்துப் பிள்ளையைப் பாட்டி தன் கையால் மகள் கையில் கொடுக்கவேண்டும், பிள்ளை தரையில் படக்கூடாது, நடுவில் இன்னொரு கை படக்கூடாது. படியில் இந்தப் பக்கம் சுருளியம்மாள் பேத்தியை ஏந்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் தெரு இருந்தது. தெருவில் ஊர் இருந்தது. படிக்கும் ஊருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

"எங்கிட்டக் குடுங்க மதினி, நான் வாங்கி அவகிட்டக் குடுத்துர்றேன். சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றாள் ஜெயக்கொடி. கையை நீட்டினாள். பிறகு பக்கத்தில் திரும்பி எதையோ கேட்டாள், நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"என்னவாம்?"

"நீங்கதான் குடுக்கணுமாம். நேரா அவ கையில."

"எனக்கு அவ கை தெரியாதே."

"சொன்னேன் மதினி. அது எனக்கும் தெரியும்ங்குறா. அப்படியும் நீங்களே குடுக்கணும்ங்குறா."

சுருளியம்மாள் முன்னால் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது, தேடக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது, கண்ணை மூடினாள், மூடினால் பிள்ளை தெரியவில்லை, திறந்தாள்.

"கையை நீட்டியிருக்காளா?"

"நீட்டித்தான் நிக்கிறா."

"எவ்வளவு தூரம் இருக்கு?"

"ஒரு சாண்."

"கிட்ட வரச் சொல்லு ஜெயக்கொடி."

"வந்துட்டா."

"இன்னுங் கிட்ட."

"உங்க கைக்கடியில அவ கையை வச்சுருக்கா மதினி. உங்களைத் தொட்டுட்டுத்தான் நிக்கிறா."

சுருளியம்மாளுக்குக் கையின் அடியில் காற்றுதான் இருந்தது. பேத்தி அவளைப் பார்த்துக் காலை உதைத்தது. மாப்பிள்ளை ஆட்டோவை அணைத்துவிட்டு இறங்கி நின்றான். முத்துராக்கும் அவள் பின்னால் தலை சீவி, சட்டை போட்டு நிற்கிற புருஷனும் வந்திருந்தார்கள்.

"ஜோதி, என் தங்கம், நல்லா பிடிச்சுருக்கியாத்தா?" என்று சுருளியம்மாள் காற்றைப் பார்த்துக் கேட்டாள். "கேட்டும் எந்திரிக்காத பாவிதான் நான். நல்லாப் பிடிச்சுக்க. நான் விடப்போறேன்."

பதில் வந்ததா என்று ஜெயக்கொடியிடம் கேட்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள், கடைசியில் உள்ளங்கையையும் எடுத்தாள். பேத்தி மறைந்தது. கால் உதைத்தது மறைந்தது, பால் வாசனை மறைந்தது. சுருளியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தரையில் ஏதாவது விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி நின்றாள், ஆட்டோ கிளம்பித் தெருமுனை திரும்பிய பிறகும்.